ஆற்று மீன் கடலோரம் வழியாகப் பக்கத்து ஆற்றுக்குப் போவது எப்படி

ஒரு ஆற்றில் அந்நிய மீன் பெருகிவிட்டது என்று தெரிந்ததும் உடனே வரும் ஆறுதல் ஒன்று உண்டு: "நன்னீர் மீன்தானே, கடலில் இறங்காது. பக்கத்து ஆறு தப்பித்தது." வடிநிலங்களைத் தனித்தனிக் கட்டமாகப் பிரித்துக் காட்டும் வரைபடமும் அதையே சொல்லும். நாலைந்து வருஷம் கழித்துப் பக்கத்து ஆற்று வலையிலும் அதே மீன் விழும்போது, யாரோ வாளியில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். வாளியும் நடப்பதுதான். ஆனால் கழிமுகத்தைச் சரியாகப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களும் ஆண்டுச் சராசரி உப்பளவு லிட்டருக்கு 25 கிராம் என்று ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறார்கள். மீன் சராசரியில் நீந்துவதில்லை. வருஷத்தில் மூன்று நாள் உப்பு இறங்கினால் அந்த மூன்று நாள் அதற்குப் போதும்.

முதலில் மீனின் உடம்பு. நன்னீர் மீனின் இரத்தம் ஏறக்குறைய 9 பிபிடி உப்பு நீருக்குச் சமம், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ஆற்று நீர் 0.5க்கும் கீழே, கடல் 35. ஆற்றில் இருக்கும்போது வெளித் தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். அதைச் சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக வெளியே தள்ளும்; கூடவே கரைந்து போகும் உப்பைச் செவுள் ஆற்று நீரிலிருந்து திரும்பப் பிடித்துக்கொள்ளும். இதுவே மீனுக்கு ஓயாத வேலை, தின்றதில் ஒரு பங்கு இதற்கே செலவாகும். அதே மீன் 5 அல்லது 8 பிபிடி நீருக்கு வந்தால் உள்ளும் புறமும் கிட்டத்தட்ட சமமாகி, அந்த வேலை குறைகிறது. இலேசான உவர்நீர் நன்னீர் மீனுக்குத் தண்டனை என்று நினைப்பது தப்பு. பல இனங்களுக்கு அது ஓய்வு. மீன் பண்ணைகளில் ஏற்றி இறக்கும்போது தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பு போடுவதும் இதற்காகத்தான்.

9ஐத் தாண்டியதும் கணக்கு தலைகீழாகிறது. இப்போது தண்ணீர் உடம்பிலிருந்து வெளியே போகிறது, உப்பு உள்ளே வருகிறது. கடல் மீனாக இருந்தால் கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுளிலுள்ள உப்பு வெளியேற்றும் செல்கள் வழியாகக் கொட்டிவிடும். நன்னீர் மீனுக்கு அந்தச் செல்கள் போதிய அளவில் இல்லை. தசை வற்றும், இரத்தம் கெட்டியாகும், சோடியம் ஏறும், நீச்சல் தளரும், பிறகு சாவு. இது நொடியில் நடப்பதில்லை என்பதுதான் முக்கியம். 12 பிபிடியில் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும் மீன் 20 பிபிடியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். ஆகவே "இந்த மீன் எத்தனை பிபிடி தாங்கும்?" என்பது அரைக் கேள்வி. எத்தனை பிபிடியை எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் முழுக் கேள்வி.

ஆய்வுக்கூட எண்களைப் படிக்கும்போதும் இதை மறக்கக் கூடாது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் பரவியிருக்கும் நீலக் கெளுத்தியை வைத்துச் செய்த சோதனையில், 72 மணி நேரத்தில் பாதி மீன்கள் சாகும் உப்பளவு 15.7 பிபிடி என்று வந்தது. இதைப் பார்த்துவிட்டு "16க்கு மேல் போகாது" என்று கோடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணின் பொருள் வேறு: 16ஐ ஒட்டிய நீரில் மூன்று முழு நாள் கிடந்த பிறகும் பாதி மீன் உயிரோடு இருந்தது. ஒரு முகத்துவாரத்திலிருந்து அடுத்ததற்குப் போக மூன்று நாள் தேவைப்படாமல் போகலாம். பாதிகூட வேண்டாம், நூற்றில் பத்து போய்ச் சேர்ந்தாலே புதுக் கூட்டம் தொடங்கிவிடும்.

மாற்றம் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதும் உண்டு. மொசாம்பிக் திலேப்பியாவை, நம் ஊர் வழக்கில் ஜிலேபியை, நன்னீர்த் தொட்டியிலிருந்து நேரே முழுக் கடல்நீரில் போட்டால் பெரும்பாலும் செத்துவிடும். இடையில் பாதிக் கடல்நீரில் ஓரிரு நாள் வைத்து மாற்றினால் முழுக் கடல்நீரில் வாழ்வது மட்டுமல்ல, முட்டையும் வைக்கும். அந்த இடைவேளையில் செவுளின் செல்கள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. கழிமுகம் என்பதே இயற்கை கட்டி வைத்த இடைத்தொட்டிதான்: மேல்முனையில் 0, கீழ்முனையில் 35, நடுவில் எல்லாப் படிகளும். மீன் தனக்கு வேண்டிய படியில் வேண்டிய நாள் தங்கிக்கொள்ளலாம். நேரடி மாற்றச் சோதனையில் வரும் எண் அதனால் எப்போதும் குறைத்தே காட்டும்.

எல்லா மீனும் ஒன்றல்ல. நைல் திலேப்பியா மொசாம்பிக் அளவுக்கு உப்பு தாங்காது. ஆனால் பண்ணைகளில் இரண்டையும் கலந்த கலப்பினங்கள் நிறைய, தப்பித்து வருவது எது என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்வது கடினம். மேற்கு ஆப்பிரிக்காவின் கடற்கழிகளிலிருந்து ஃபுளோரிடா, ஹவாய், தாய்லாந்து எனப் போய்ச் சேர்ந்த கருந்தாடைத் திலேப்பியா பிறவியிலேயே உவர்நீர் மீன். அதற்குக் கழிமுகம் வழியல்ல, வீடு. தொட்டி துடைக்க வாங்கி, பெரிதானதும் ஆற்றில் கொட்டப்படும் சக்கர் மீன் 10 பிபிடி அளவுவரை சில நாள் சமாளிக்கும். கெண்டையும் ஏறக்குறைய அதே வகுப்பு. கொசுமீன் சிறியது, அதனால் பலவீனமானது என்று ஒதுக்குவார்கள். மெதுவாகப் பழகினால் அது கடல்நீரிலேயே வாழும். இவற்றில் ஒரு பொது விதி தேட வேண்டுமானால் ஒன்று சொல்லலாம்: மூதாதையர் கடலிலிருந்து வந்த குடும்பங்களுக்கு, திலேப்பியா போன்றவற்றுக்கு, பழைய கருவி உடம்பில் எங்கோ மிச்சமிருக்கிறது. கெண்டைக் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் இல்லை.

வளர்ந்த மீன் தாங்குவதை முட்டை தாங்காது என்பது இன்னொரு பக்கம். பல நன்னீர் இனங்களின் விந்தணு இரத்த அளவு உப்பு கொண்ட நீரில் அசையவே அசையாது. நீர்த்த நீர் பட்டால்தான் உயிர்த்தெழும். ஆகவே கழிமுகத்தில் பெரிய மீன் மட்டுமே கிடைத்துக் குஞ்சே கிடைக்காவிட்டால், "இங்கே இனப்பெருக்கம் இல்லை, ஆபத்தில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அது வழிப்போக்கர் கூட்டம். கழிமுகத்தில் முட்டை வைக்கத் தேவையே இல்லை, அடுத்த ஆற்றின் மேல்பகுதியை எட்டினால் போதும்.

இனி தண்ணீர். நன்னீர் இலேசு, கடல்நீர் கனம். கன மீட்டருக்கு 1000 கிலோவும் 1025 கிலோவும். இந்த 25 கிலோ வித்தியாசம்தான் முழு விஷயத்தையும் நடத்துகிறது. ஆற்று நீர் மேலே படர, கடல்நீர் ஆப்பு மாதிரி அடியில் நுழைகிறது. ஒரே இடத்தில், ஒரே நிமிஷத்தில், மேல்மட்டம் 4, அடிமட்டம் 28 என்று இருக்கலாம். பாலத்தில் நின்று வாளியை இறக்கி எடுத்த மாதிரி 4 என்று சொல்லும், அடியில் பொருத்திய கருவி 28 என்று சொல்லும். இரண்டும் சரி. மேலே நீந்தத் தெரிந்த மீனுக்கு 4 மட்டுமே கணக்கு. அடியோடு ஒட்டிக் கிடக்கும் சக்கர் மீனுக்கும் உளுவைக்கும் 28தான் கணக்கு. எந்த மீன் எந்த ஆழத்தில் போகும் என்று தெரியாமல் உப்பு அளக்கப் போவதில் பயனில்லை.

பெருவெள்ளம் வரும்போது ஆப்பு முழுதாக வெளியே தள்ளப்பட்டு, முகத்துவாரமே நன்னீராகிவிடும். அந்த நீர் கடலில் இறங்கியதும் உடனே கலந்துவிடுவதில்லை. ஒன்றிரண்டு மீட்டர் தடிமனில், மண் நிறத்தில், ஒரு படலமாகக் கடலோரத்தை ஒட்டி நகரும். பூமி சுழற்சியின் விளைவால் வட அரைக்கோளத்தில், கடலைப் பார்த்து நின்றால், இது வலப்பக்கம் திரும்பும். தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். காற்று கரைப்பக்கம் அழுத்தினால் படலம் கரையோடு ஒட்டி நெடுந்தூரம் போகும், காற்று எதிராக இருந்தால் கடலுக்குள் விரிந்து மெலியும். ஆகவே பரவலுக்குத் திசை உண்டு. ஒரு ஆற்றில் மீன் நுழைந்துவிட்டால் இரண்டு பக்கத்து ஆறுகளுக்கும் சம ஆபத்து என்று வைத்துக்கொண்டு ஆளையும் வலையையும் பாதிபாதியாகப் பிரிப்பதைவிட, படலம் வழக்கமாகத் திரும்பும் பக்கத்து ஆற்றுக்கு முதலிடம் கொடுப்பது நல்லது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு முகத்துவாரங்களுக்கு இடையே 12 கிலோமீட்டர், கரையோர நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 1.8 கிலோமீட்டர். மீன் துடுப்பையே அசைக்காமல் மிதந்தாலும் 6 மணி 40 நிமிஷத்தில் அடுத்த வாயில். படலத்தின் உப்பு 10க்கும் 14க்கும் இடையே இருந்தால் நீலக் கெளுத்தி மாதிரி ஒரு மீனுக்கு அது களைப்பு தரும் பயணம், அவ்வளவுதான். அடுத்த ஆறும் அதே மழையில் பெருகியிருக்கும் என்பதால் அங்கேயும் வாசல் நன்னீராகத் திறந்திருக்கும். ஒரே மழை இரண்டு கதவையும் சேர்த்துத் திறப்பதுதான் இதில் விசேஷம்.

செசபீக்கில் நடந்தது இதுவே. 1970களிலும் 80களிலும் தூண்டில் விளையாட்டுக்காக ஜேம்ஸ், ராப்பஹானக், யார்க் ஆறுகளின் நீர்நிலைகளில் நீலக் கெளுத்தியை விட்டார்கள். நடுவிலுள்ள உவர்நீர் தடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. மழை மிகுந்த ஆண்டுகளில் விரிகுடாவின் மேற்பகுதி உப்பு குறைய, ஆறு ஆறாக ஏறி, இன்று அந்த விரிகுடாவின் பெரிய கிளையாறுகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 45 கிலோவைத் தாண்டி வளரும் மீன், நண்டிலிருந்து சிறு மீன்வரை எதையும் விடாது.

அலாஸ்காவின் குக் இன்லெட் என்ற, நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல் நீட்சியில் இன்னும் கடுமையான பாடம். அங்கே பைக் மீன் (வண்டியைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், நீண்ட வாய் கொண்ட வேட்டை மீன்) அலாஸ்கா மலைத்தொடருக்கு வடக்கிலும் மேற்கிலும் சொந்த ஊர்க்காரன். தெற்கில் 1950களில் சூசிட்னா வடிநிலத்தில் யாரோ சட்டவிரோதமாக விட்டதிலிருந்து அந்நியன். பால்டிக் கடலில் 6, 7 பிபிடி உவர்நீரிலேயே இதே இனம் காலங்காலமாக வாழ்ந்து முட்டை வைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் குக் இன்லெட்டைத் தாண்டும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. பிடித்த மீன்களின் செவிக்கற்களைப் பரிசோதித்தபோது சில மீன்கள் உப்பு நீரைக் கடந்து வந்த தடம் தெரிந்தது. கோடையில் பனியாற்று உருகுநீர் கொட்டி இன்லெட்டின் மேல்முனையில் உப்பு வெகுவாகக் குறைவதும், 9 மீட்டர்வரை ஏறி இறங்கும் ஓதம் இழுத்துக்கொண்டு போவதும் இதற்குத் துணை. தென் இந்தியப் பெருங்கடலின் கெர்குலன் தீவுகளில் 1950களில் விட்ட பழுப்பு டிரவுட் கடல் வழியாகவே ஆறு ஆறாகக் குடியேறியது என்பது தனி வகை: அது பிறவியிலேயே கடலுக்குப் போய்த் திரும்பும் பழக்கமுள்ளது.

செவிக்கல் என்றேன். மீனின் உள்காதில் இருக்கும் சுண்ணாம்புக் கல் அது. மர வளையம் மாதிரி அடுக்கடுக்காக வளரும். ஒருமுறை படிந்த அடுக்கு மாறாது. சுண்ணாம்பில் கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் ஸ்ட்ரான்சியம் கொஞ்சம் புகுந்துகொள்ளும். கடலில் ஸ்ட்ரான்சியம் அதிகம், லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம். பெரும்பாலான ஆறுகளில் அதில் நூறில் ஒரு பங்கு. கல்லை எடுத்து, ரெசினில் பதித்து, நடு வழியாக மெல்லிய சீவலாக அறுத்து, மைய வளையம் தெரியும்வரை தேய்த்து, மையத்திலிருந்து ஓரம்வரை லேசரால் கோடு இழுத்துப் போனால் மீனின் பயணக் குறிப்பேடு கிடைக்கும்.

தவறு நடப்பது இங்கேதான் அதிகம். முதலாவது, எந்தக் கல்? தலைக்குள் மூன்று ஜோடி உண்டு. பெரும்பாலான மீன்களில் சாஜிட்டா என்பது பெரிது. கெண்டை வகையில் அஸ்டெரிஸ்கஸ் பெரிது, கெளுத்தியில் லப்பிலஸ். பழக்கத்தில் சாஜிட்டாவைத் தேடிக் கெண்டையின் தலையைக் கிளறினால் ஊசி மாதிரி ஒன்று வரும், அதுவும் முறிந்துபோகும். இரண்டாவது, கெண்டையின் அஸ்டெரிஸ்கஸ் பெரும்பாலும் வாடெரைட் என்ற வேறு படிக வடிவில் இருக்கும். அது ஸ்ட்ரான்சியத்தைக் குறைவாகவே ஏற்கும். வேறு இனத்தின், வழக்கமான அரகோனைட் படிக வடிவிலுள்ள கல்லோடு எண்ணை நேரே ஒப்பிட்டால், கடலுக்குப் போய்வந்த மீன் ஆற்றை விட்டு அசையாத மாதிரி தெரியும்.

மூன்றாவது, சுண்ணாம்புப் பாறை வழியே ஓடும் ஆறுகளில் ஸ்ட்ரான்சியம் இயல்பிலேயே அதிகம். அளவை மட்டும் பார்த்தால் அந்த ஆற்று மீன் எல்லாமே கடலுக்குப் போனதாகத் தோன்றும். இதற்குத்தான் ஐசோடோப்பு விகிதம், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதம்: ஸ்ட்ரான்சியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் உலகக் கடல் எங்கும் 0.7092, ஆறுகளில் பாறைக்கேற்ப மாறும். ஆனால் இதற்கும் ஒரு எல்லை. ஆற்றில் 0.08 மில்லிகிராம், கடலில் 8 என்றால், பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தவுடனே, அதாவது 3.5 பிபிடியிலேயே, நீரிலுள்ள ஸ்ட்ரான்சியத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுடையது. விகிதம் அப்போதே கடலைத் தொட்டுவிடும். மீன் 4 பிபிடியில் இருந்ததா 30 பிபிடியில் இருந்ததா என்று ஐசோடோப்பு சொல்லாது. அதற்கு ஸ்ட்ரான்சியத்தின் அளவையும் கூடவே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே கோட்டில் எடுப்பதுதான் முறை.

நான்காவதுதான் பெரிய பொறி. லேசர் புள்ளியின் அகலம் 30 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கல் ஒரு நாளில் வளர்வது வளர்ந்த மீனில் ஓரிரு மைக்ரான்கூட இருக்காது, குளிர்காலத்தில் ஏறக்குறைய நின்றே போகும். ஏழு மணி நேரத்தில் கடலைத் தாண்டிய மீனின் கல்லில் அந்த ஏழு மணி நேரம் பதிவாகவே ஆகாது. கல்லில் உப்புத் தடம் இருந்தால் போயிருக்கிறது. இல்லாவிட்டால் போகவில்லை என்று சொல்ல முடியாது. அப்போது பார்க்க வேண்டியது மையப் பகுதி: பிறந்த ஆற்றின் விகிதம் அங்கே இருக்கும். அது பிடிபட்ட ஆற்றின் விகிதத்தோடு பொருந்தாமல் பக்கத்து ஆற்றோடு பொருந்தினால் வந்த ஊர் தெரிந்துவிட்டது. வாளியில் வந்ததா நீந்தி வந்ததா என்பது மட்டும் மிச்சம்.

அதற்குக் கல் இல்லாமலே ஒரு துப்பு உண்டு, மீன்களின் நீள அளவு. புதிதாகப் பிடிபட்டவை எல்லாம் பெரிய மீனாக, வெவ்வேறு வயதாக, கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கி எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் நீந்தி வந்ததற்கு வாய்ப்பு அதிகம். எல்லாம் ஒரே நீளமாக, கை அகல வித்தியாசம்கூட இல்லாமல் இருந்தால் பண்ணைக் குட்டை உடைந்திருக்கலாம். மேல்பகுதிக் குளத்தில் ஆரம்பித்துக் கீழே வந்தால் வாளி. இதில் விதிவிலக்கு வரும், ஆனால் ஆய்வுக்கூட முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை.

களத்தில் அளக்கும்போது செய்யும் தவறுகளையும் சொல்லிவிடலாம். கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் இறால் குட்டைக்குச் சரி, 3 பிபிடிக்குக் கீழே அதை நம்பக் கூடாது. மின்கடத்துதிறன் மீட்டரே வேண்டும், 25 டிகிரிக்குத் திருத்திய எண்ணைத் தருவதாக. ஒவ்வொரு இடத்திலும் மேலிருந்து அடிவரை அரை மீட்டருக்கு ஒருமுறை, ஓதம் உச்சத்தில் ஒருதரம், வடிந்து முடியும்போது ஒருதரம். வெயில் நாளில் எடுத்த ஐம்பது அளவீட்டைவிட வெள்ளம் வடிகிற வாரத்தில் எடுத்த ஐந்து அதிகம் பேசும். ஆபத்து என்று படகை எடுக்காத அந்த வாரத்துக்காகத்தான், தானே பதியும் கருவிகளை முன்கூட்டியே கட்டி வைப்பது. ஒன்றை மேல்மட்டத்தோடு மிதக்கும்படியும் ஒன்றை அடியிலும் கட்ட வேண்டும்.

மின்சாரத்தால் மயக்கிப் பிடிக்கும் முதுகுச்சுமைக் கருவி ஆற்றில் நன்றாக வேலை செய்யும். கழிமுகத்தில் அப்படியல்ல. 1 பிபிடி நீரின் கடத்துதிறனே சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2000 மைக்ரோசீமென்ஸ். மீனின் உடம்பைவிட நீர் பல மடங்கு நன்றாகக் கடத்துவதால் மின்னோட்டம் மீனைச் சுற்றிக்கொண்டு போய்விடும், கருவியும் சுமை தாங்காமல் நின்றுவிடும். "கழிமுகத்தில் ஒரு மீனும் இல்லை" என்ற அறிக்கைக்குப் பின்னால் சில சமயம் இதுதான் இருக்கும். அங்கே கூண்டு வலை, செவுள் வலைதான்.

மீன் நீரில் உதிர்த்த டிஎன்ஏவைத் தேடும் சூழல் டிஎன்ஏ சோதனையும் ஓதத்தில் ஏமாற்றும். கீழே இருக்கும் மீனின் டிஎன்ஏவை ஏறும் ஓதம் மேலே கொண்டுபோகும். பக்கத்து ஆற்றின் படலமும் கொண்டுவரும். வடிந்து முடியும் கடைசி ஒரு மணி நேரத்தில், உப்பு எட்டாத எல்லைக்கு மேலே எடுத்த மாதிரியை மட்டும் அந்த ஆற்றின் மாதிரியாகக் கணக்கில் கொள்ள வேண்டும். சேறு வடிகட்டியை அடைத்துவிடும், ஒரு லிட்டரை ஒரே தாளில் தள்ள முயலாமல் இரண்டு மூன்றாகப் பிரிக்கலாம். இலை மக்கின் நிறப்பொருள், டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் வினையையே தடுக்கும்; எடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தால் தடை இருந்ததா என்று தெரிந்துவிடும். வழியில் வேறு டிஎன்ஏ கலந்ததா என்று தெரிய, சுத்த நீர் மட்டும் நிரப்பிய பாட்டில் ஒன்று களத்துக்கே போய்த் திரும்ப வேண்டும்.

கடைசியாகத் தடுப்பணை. முகத்துவாரத்தின் குறுக்கே கட்டி உப்பை வெளியே நிறுத்தினால், மேலே இருந்த உவர்நீர் முழுதும் அந்நிய நன்னீர் மீனுக்குப் புது மேய்ச்சல் நிலமாகிறது. தேங்கிய நீரில் கூட்டம் பெருகி நிற்கும்போது, மழைக்குப் பின் எல்லா மதகையும் ஒரே நாளில் திறந்தால் அந்தக் கூட்டமும் நன்னீர்ப் படலமும் சேர்ந்தே கடலுக்கு இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாளுக்குத் திறந்துவிட்டால் வெளியே படலம் குட்டையாகவும் உப்பாகவும் இருக்கும், நீர்ப்பிடிப்பில் இடம் இருந்தால். வெள்ளம் மிரட்டும்போது இந்த ஆடம்பரம் கிடையாது, திறந்தே ஆக வேண்டும். அப்படித் திறந்த தேதியைக் குறித்துக்கொண்டு, படலம் திரும்பும் பக்கத்து ஆற்றில் உப்பு எல்லைக்குச் சற்று மேலே, நீரோட்டம் இல்லாத ஒதுக்குப்புறங்களில், இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை கூண்டு வலை போட வேண்டும். களைத்து வந்த மீன் முதலில் ஒதுங்குவது அங்கேதான். மேலே ஏறி முட்டை வைத்துவிட்டால் அடுத்த பருவத்தில் வலைக்கண்ணைச் சிறிதாக்கிக்கொண்டு குஞ்சுகளைத் தேட வேண்டிவரும்.